நண்டு ஏறிவந்த கோடை

படகுத்துறையில் அவளை ஜட்ஜம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள். உள்ளுக்குள் அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது. சிப்பி வளர்ப்பது அவள் தொழில். துறைப் படிகளை ஒட்டியே மிதவைகள் வரிசையாகக் கிடக்கும். ஒவ்வொரு மிதவையிலிருந்தும் கயிறு தண்ணீருக்குள் தொங்கும். கயிறு முழுக்கச் சிப்பி அப்பிக்கொண்டிருக்கும். சிப்பி பெருக்கப் பெருக்க, பாரம் தாங்காமல் மிதவை பாதிக்கு மேல் தண்ணீரில் அமுங்கி நிற்கும். செத்துப்போன கணவன் அவளுக்கு விட்டுப்போன ஒரே உருப்படியான காரியம் அந்த மிதவைகள்தான்.

கோடையில் மேல்தண்ணீர் சூடேறும். சூடு சிப்பிக்கு ஆகாது. அதனால் கயிற்றைத் தளர்த்தி, கீழே இருக்கிற குளிர்ந்த தண்ணீருக்கு இறக்கிவிடுவார்கள். எப்போது இறக்குவது, எவ்வளவு இறக்குவது, இதில்தான் தொழிலின் சூட்சுமமே இருக்கிறது. ஜட்ஜம்மா கடைசிப் படியில் குந்தி, முழங்கைவரை தண்ணீரில் விட்டு, சாவகாசமாக யோசிப்பாள். பிறகு, "ஒரு பாகம் எறக்குங்க" என்பாள். இரண்டு கைகளையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். அக்கம்பக்கத்து மிதவைக்காரர்களும் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு மறுபேச்சில்லாமல் ஒரு பாகம் இறக்குவார்கள்.

அவள் கல்யாணமாகி வந்த காலத்தில் அரை பாகம் இறக்கினாலே போதும். கோடை உச்சியில் சில நாள் சூடு, அப்புறம் ஒரு காற்று அடிக்கும், கடல் கலங்கிக் குளிர்ந்துவிடும். மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒரு பாகம் ஆயிற்று. மகளுக்குக் கல்யாணம் ஆனபோது மூன்று. சூடு வருஷா வருஷம் முந்திக்கொண்டு வந்தது, விருந்துக்கு வந்த மைத்துனன் மாதிரி கிளம்பவும் மனசில்லாமல் உட்கார்ந்துகொண்டது. ஜட்ஜம்மா அசரவில்லை. சூடு ஏற ஏற அவள் கயிற்றை இறக்கினாள், ஒவ்வொரு வருஷமும் சிப்பியைக் காப்பாற்றினாள். கடலையே ஜெயித்துவிட்டதாக அவளுக்கு நினைப்பு. கீழே போய்க்கொண்டே இருந்தால் ஒருநாள் தரை தட்டும் என்ற சின்ன விஷயத்தை யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டாள்.

மருமகன் டவுனில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். நச்சரித்து நச்சரித்து அந்த வேலையை விடவைத்தவள் அவள்தான். "ஏத்தி எறக்குற வேலைதானே மாப்பிள்ளை? அதை இங்க வந்து கயித்துல செய்யுங்க. சொந்தத் தொழில்" என்றாள். அவன் வந்தான், சொந்தமாக ஒரு வரிசை மிதவை போட்டான். துறையில் அவனுக்கு லிஃப்ட்டு என்று பெயர் விழுந்தது. அதற்கும் சிரித்துவிட்டுப் போகிறவன்.

அவன் முதல் அறுவடைக்குக் காத்திருந்த கோடையில் காற்று என்பதே இல்லை. கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் போல அசையாமல் கிடந்தது. மேல்தண்ணீர் குளிக்க விளாவிய வெந்நீராக இருந்தது. ஒருநாள் காலையில் பார்த்தால், துறையின் தூண்களில் நண்டுகள் ஏறிவந்து, தண்ணீர் விளிம்பில் கொத்துக் கொத்தாகத் தொற்றிக்கொண்டிருந்தன. அடியில் கிடக்கிற மீன்கள் கரையோரம் முழங்கால் ஆழத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஊரே வாளியோடு ஓடியது. வலை வேண்டாம், தூண்டில் வேண்டாம், கையால் அள்ளினார்கள். ஜட்ஜம்மா இரண்டு வாளி நண்டு பிடித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை யாரும் பார்த்ததில்லை.

மருமகன் மட்டும் வெறுங்கையோடு நின்றான்.

"நண்டு எதுக்கு அத்தை மேல வருது?"

"வந்தா புடிச்சுத் தின்ன வேண்டியதுதான். எதுக்குன்னு அதுகிட்டயா கேக்க முடியும்?"

"இல்ல அத்தை. மேல சூடு, கீழ குளிரு, ரெண்டும் கலக்காம நிக்குது. காத்து அடிச்சாத்தானே கலக்கும்? லிஃப்ட் நடுவுல நின்னுட்டா உள்ள இருக்கறவங்களுக்கு மூச்சு முட்டும்ல, அந்த மாதிரி கீழ ஏதோ ஆகுதுன்னு நினைக்கிறேன். சிப்பி சின்னதா இருந்தாலும் பரவாயில்ல, இப்பவே கயித்துலேர்ந்து உதிர்த்து வித்துடலாம்."

ஜட்ஜம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "நண்டுக்கு மூச்சு முட்டுதாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க மாப்பிள்ளை." துறையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அவள் படியில் குந்தி முழங்கையை விட்டாள். யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லை, தண்ணீர் அப்படிச் சுட்டது. "நாலு பாகம்" என்றாள்.

மகள் கணவனின் முகத்தைப் பார்த்தாள். அவன் போய்த் தன் கயிறுகளை இறக்கினான். எல்லாரும் இறக்கினார்கள்.

பத்து நாள் கழித்துச் சோதித்துப் பார்க்கத் தூக்கினார்கள். இரண்டு ஆள் சேர்ந்து இழுக்க வேண்டிய கயிறு மருமகனின் ஒற்றைக் கைக்கு லேசாக வந்தது. பாதிச் சிப்பி செத்து உதிர்ந்துபோயிருந்தது. மீதி வாயைப் பிளந்துகொண்டு, உள்ளே கறுப்பாகக் கூழாகி, அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. அடுத்த கயிறும் அப்படி. துறையில் யார் கயிற்றைத் தூக்கினாலும் அப்படித்தான். அடித்தண்ணீர் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் மூச்சு விட அதில் காற்று இல்லை. நண்டுகள் விட்டுவிட்டு ஓடிவந்த இடத்துக்குத்தான் சிப்பிகளைப் பார்த்துப் பார்த்து இறக்கியிருக்கிறாள். சிப்பிக்குக் கால் இல்லை, ஏறிவர.

அவன் கத்துவான் என்று அவள் காத்திருந்தாள். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள், இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் சாப்பாடு போட்டிருப்பாள். அவன் கயிறுகளைக் கழுவிக் காயப்போட்டான். "நீங்க சாப்பிட்டீங்களா அத்தை?" என்று கேட்டான். துறையில் அவள் வந்தால் பேச்சு நின்றது, அவ்வளவுதான். அதன்பிறகு அவள் துறைக்குப் போகவில்லை. தன் மிதவைகளையும் மருமகனிடமே விட்டுவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டில் கிடந்தாள்.

அடுத்த கோடையும் முந்திக்கொண்டு வந்தது. ஒருநாள் மருமகன் வாசலில் வந்து நின்றான்.

"தண்ணி சூடேறுது அத்தை. ஒருதரம் வந்து கை வச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்களேன்."

அவள் எழுந்து முகம் கழுவினாள், நல்ல புடவை ஒன்றைக் கட்டினாள். வழியெல்லாம் தீர்ப்பை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். இறக்க வேண்டாம் மாப்பிள்ளை, சின்னதா இருந்தாலும் பரவாயில்ல, இப்பவே உதிர்த்துடுங்க. நீங்க போன வருஷமே சொன்னீங்க. இதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தாள். வாழ்நாளில் அவள் அப்படி ஒரு வார்த்தை யாரிடமும் சொன்னதில்லை.

மருமகன் அவளுக்கு முன்னால் போய்ப் படகில் ஏறி, முதல் மிதவையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜட்ஜம்மா கடைசிப் படியில் குந்தி முழங்கையை விட்டாள். விட்டபடியே மிதவைகளைப் பார்த்தாள். ஒன்றுகூட அமுங்கி நிற்கவில்லை. காலி டப்பா மாதிரி எல்லாம் தண்ணீருக்கு மேலே துள்ளிக்கொண்டிருந்தன.

பக்கத்தில் வந்து குனிந்த மகளிடம் மெதுவாகக் கேட்டாள். "எப்ப உதிர்த்தாரு?"

மகள் தயங்கினாள். "போன வாரம்மா. நல்ல விலைக்குப் போச்சு."

"அப்புறம் எதுக்கு என்னைக் கூப்பிட்டாரு?"

"நீ வீட்டுக்குள்ளயே முடங்கிக் கெடக்குறல்ல. உன்னைக் கேட்டா உனக்கு சந்தோஷமா இருக்கும்னாரு."

வாய்வரை வந்திருந்த தீர்ப்பை இனிமேல் சொன்னால் யார் நம்புவார்கள்? காலி மிதவையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள் என்பார்கள். அவளைச் செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

"என்ன சொல்றீங்க அத்தை?" படகிலிருந்து அவன் கேட்டான். முகத்தில் கேலி துளிகூட இல்லை.

போன வருஷமாவது எதிர்த்துப் பேசினான். இப்போதும் பேசுவானா என்று பார்க்க அவளுக்கு ஒரு ஆசை.

"நாலு பாகம்" என்றாள்.

"சரிங்க அத்தை" என்று சொல்லிவிட்டு, அவன் முடிச்சை அவிழ்த்து, வெறுங்கயிற்றைக் கவனமாகக் கீழே இறக்க ஆரம்பித்தான்.