ஒரே பேரில் இரண்டு தாத்தாக்கள்

எங்கள் வீட்டு ஆண்களுக்கு இரண்டே பேர்தான். ஒன்று குலதெய்வத்தின் பேர், இன்னொன்று முருகன் பேர். தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம் என்பதால் இரண்டும் தலைமுறைக்குத் தலைமுறை மாறி மாறி வரும். என் தாத்தாவுக்குச் சாமி பேர், அப்பாவுக்கு முருகன் பேர். ஆடி மாதம் கோயிலில் பொங்கல் வைக்கும்போது அந்தச் சாமி பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் யாரும் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நெட்டை, லாரி, மிலிட்டரி என்று ஆளுக்கொரு அடையாளம். மருமகள்களோ மாமனார் பேரை வாயாலேயே சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையில் மாமனார் பேரைக் கேட்டால் என் அம்மா பதில் சொல்லாமல் அட்டையை நீட்டிவிடுவாள்.

இதெல்லாம் ஒரு விஷயமாகவே எனக்குத் தோன்றியதில்லை, என் கல்யாணப் பேச்சு வரும்வரை.

தண்டலத்திலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டியில் எனக்கு வேலை. தண்டலத்தில் நான் கம்பெனி பஸ் ஏறுவேன். ஸ்ரீபெரும்புதூரில் அவர் ஏறுவார், மெயின்டனன்ஸ் ஆள். இரண்டு வருஷம் ஒரே பஸ்ஸில் போய்வந்த பிறகு வீட்டில் சொன்னோம். இரண்டு வீடும் ஒரே சாதி என்று தெரிந்ததும் அப்பாவுக்குப் பெரிய நிம்மதி. ஜாதகமும் பொருந்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய அப்பா அம்மா பூ, பழத் தட்டோடு பெண் பார்க்க வந்தார்கள்.

காபி கொடுத்துவிட்டு நான் கதவோரம் நின்றேன். அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, பேச்சை ஆரம்பித்தார்.

"குலதெய்வம் எதுங்க?"

பையனின் அப்பா சொன்னார். எங்கள் சாமி.

"இந்த ஊர் சாமியாச்சே! பூர்வீகம் எது உங்களுக்கு?"

"இதே ஊர்தான்னு எங்கப்பா சொல்லுவாரு. சின்ன வயசுலயே அம்பத்தூர் கம்பெனிக்குப் போயிட்டாரு. நாங்க இந்த ஊருக்குள்ள வந்ததில்ல."

"உங்கப்பா பேரு இன்னா?"

அவர் சொன்னது என் தாத்தாவின் பேர். பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவுங்கப்பா பேரு?"

அதுவும் எங்கள் கொள்ளுத் தாத்தாவின் பேரேதான்.

பெரியப்பா என் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பெரியப்பா, "ஒரே ஊரு, ஒரே சாமி, அப்பன் பேரு, தாத்தன் பேரு எல்லாம் ஒண்ணு. எங்க தாத்தாவுக்கு இன்னொரு வூடு இருந்திருக்கும்போல. அங்கயும் இதே பேரை வெச்சிருப்பாரு. அப்ப நாம பங்காளிங்க. பையன் இவளுக்கு அண்ணன் முறை" என்றார்.

பங்காளி என்றால் ஒரே ஆண்வழி. அதில் கல்யாணம் என்ற பேச்சே கிடையாது. பையனின் அம்மா மெதுவாக, "தட்டை எடுத்துக்கலாங்களா?" என்று கேட்டார். அப்பா அவசரமாக, "இருக்கட்டும்மா, சொந்தக்காரங்க வூட்டுக்கு வந்த மாதிரி இருக்கட்டும்" என்றார்.

மறுநாள் பஸ்ஸில் ஏறியதும் அவர் என்னைத் தாண்டிப் போய்க் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் போனில் ஒரு மெசேஜ்: "இனிமே உன்னை எப்படிக் கூப்பிடுறது?" போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அன்று முழுக்க லைனில் வரும் பாகங்களைச் சோதித்துக்கொண்டே அவர் மூக்கையும் அப்பாவின் மூக்கையும் மனசுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே மாதிரி இருப்பதுபோலத் தோன்றியது. எங்களைத் தப்பு செய்தவர்கள்போல எல்லோரும் பார்க்கிறார்கள் என்று ஆத்திரமாக வந்தது. தப்பாகவே இருந்துவிட்டால் என்ற பயமும் இருந்தது.

வீட்டில் விசாரிக்க ஆரம்பித்தேன். பெரிய தாத்தா மகன் ஒருவரிடம் கேட்டால் "எந்தத் தாத்தாம்மா? அந்தப் பேருல அஞ்சாறு பேர் இருந்தாங்களே" என்றார். லாரிக்காரர் கதையைச் சொல்ல ஆரம்பித்து மிலிட்டரிக்காரர் கதையில் கொண்டுபோய் முடித்தார். அம்மாவைக் கேட்டால், "அவரு", "அந்த அவரு", "அதுக்கும் பெரியவரு" என்பாள். பேர் இல்லாமலே நாலு தலைமுறையைச் சொல்லுவாள், யார் யார் என்று எனக்குத்தான் புரியாது.

கடைசியில் அப்பாவிடம் வேறு விதமாகக் கேட்டேன்.

"தாத்தா செத்தப்போ அம்பத்தூர்ல இருந்து யாராச்சும் வந்தாங்களா?"

"ஒருத்தர் வந்தாரு. அவருக்கும் எங்கப்பா பேருதான். அதனாலதான் ஞாபகம் கீது."

"பதினாறாம் நாள் மொட்டை அடிச்சாரா, கோடி போட்டாரா?"

எங்கள் பக்கம் பங்காளி என்றால் தலையை மழித்துக்கொள்வார். மாமன் மச்சான் என்றால் புதுத்துணி எடுத்துவந்து கோடி போடுவார். இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்க முடியும்.

அப்பா கையை விரித்தார். "நானே அழுதுகினு இருந்தேன். எங்க பாத்தேன்?"

பெரியப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. "மொட்டைதான். வழவழன்னு இருந்த தலை இன்னும் என் கண்ணுலயே கீது" என்றார்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். பஸ்ஸில் கடைசி சீட்டுக்குப் போய்விட்ட அவர் அடுத்த வாரம் போன் செய்தார். அவருடைய தாத்தாவுக்கு ஒரு தங்கை உண்டாம், இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறாராம். ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் சண்டையாகி, அவருடைய அப்பா பேச்சுவார்த்தையை நிறுத்திப் பல வருஷம் ஆகிறதாம். "எங்கப்பா வர மாட்டாரு. நாம போயிட்டு வரலாமா?" என்றார். போனோம். பைக்கில் எங்கள் இருவருக்கும் நடுவில் என் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வீட்டுக்குப் பின்னால் ஷீட் போட்ட அறைகளை வரிசையாகக் கட்டிக் கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார் அந்த அம்மா. நாங்கள் போனபோது மோட்டார் சுவிட்சுக்குக் கீழே நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரூம் இல்ல. இருந்தாலும் ஜோடிக்குத் தர மாட்டேன்."

"ரூமுக்கு வரல. நான் உங்க அண்ணன் பேரன்" என்றார் இவர்.

"உங்கப்பன் அனுப்பிச்சானா? எம்மவனைப் பந்தியில இருந்து எழுப்பிவுட்டவன்தானே?"

அந்தப் பந்திச் சண்டைக்குள் போனால் பொழுது போய்விடும் என்று நான் முந்திக்கொண்டு எங்கள் விஷயத்தைச் சொன்னேன். யார் மகள், யார் பேத்தி என்றும் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"மேட்டு வூட்டான் பேத்தியா நீ? பங்காளின்னு எந்தப் பேமானி சொன்னான்? உன் தாத்தனுக்கு என்னெத்தான் கேட்டாங்க. பூ வெக்கிற வரிக்கும் வந்துச்சி. பங்காளி வூட்டுல எவனாவது பொண்ணு கேப்பானா?"

 அவரே படியில் உட்கார்ந்து சொன்னார்.

"எங்கம்மா உங்க மேட்டு வூட்டுல பொறந்தவ. எங்கப்பன் திருத்தணிப் பக்கம், வூட்டோட மாப்ளையா வந்தவன். அந்தப் பக்கம் தெருவுக்குப் பத்து பேருக்கு முருகன் பேருதான், அவனுக்கும் அதான். எங்கம்மா அவளோட அப்பன் பேரை எங்கண்ணனுக்கு வெச்சா. அவ அண்ணனும் அதே பேரை அவன் பையனுக்கு வெச்சான், அதான் உன் தாத்தன். ரெண்டு கொழந்தைக்கும் ஒரே தாத்தன், ஒரே பேரு. வுட்டுக் குடுக்க ரெண்டு பேருக்குமே மனசில்ல."

"சாமி?"

"எங்கப்பனோட சாமி எங்கயோ தூரத்துல. அந்தக் காலத்துல பஸ் ஏது? பக்கத்துல கீற சாமியையே கும்பிட்டுகினோம்."

விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். இவர் தாத்தாவுக்கு என் தாத்தா மாமன் மகன். என் தாத்தாவுக்கு இவர் தாத்தா அத்தை மகன். அப்படியென்றால் இவர் எனக்கு முறைப்பையன். இவரும் அதே கணக்கைப் போட்டிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

"அப்புறம் ஏன் அந்தச் சம்பந்தம் நடக்கல?" என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"எனக்கு அவனைப் புடிக்கல. அவ்ளோதான்" என்றார்.

திரும்பும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

பெரியப்பா நம்பவில்லை. தன் காதால் கேட்க வேண்டும் என்று அப்பாவையும் கூட்டிக்கொண்டு அடுத்த வாரம் போனார், நானும் போனேன். மொட்டைத் தலையைத் தான் கண்ணால் பார்த்ததை எடுத்துச் சொன்னார்.

"எங்கண்ணன் சொட்டைடா!" என்றார் அந்த அம்மா. "முப்பது வயசுலயே முடி போச்சி. மழிக்கிறதுக்கு இன்னா இருந்துது அவன் தலையில? கோடித்துணி வாங்கினு வந்ததே நான்தான். அவனுக்குத் துணிக்கடையில பேரம் பேசத் தெரியாது."

பெரியப்பா தன் தலையை ஒருமுறை தடவிக்கொண்டார். பிறகு அப்பாவைப் பார்த்து, "தாத்தாவைப் போய் என்னென்னவோ சொல்லிட்டேன்" என்றார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த அம்மாவைக் கல்யாணப் பேச்சுக்கு அழைக்க மாப்பிள்ளையின் அப்பாவும் ஒருநாள் போக வேண்டியதாயிற்று. மோட்டார் போட்டு டேங்க் நிரம்பும்வரை அந்த அம்மா அவரை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டுத்தான் உள்ளே கூப்பிட்டாராம்.

தை மாதத்தில் கல்யாணம் முடிவானது. பத்திரிகை அச்சடிக்க ஸ்ரீபெரும்புதூரில் கொடுத்தோம். அன்று சாயங்காலமே அச்சகத்துக்காரர் அப்பாவுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"சார், பேரன்னு போட்ட எடத்துலயும் பேத்தின்னு போட்ட எடத்துலயும் ஒரே தாத்தா பேரு வந்திருக்கு. இனிஷியல்கூட ஒண்ணு. தப்பா எழுதிட்டீங்களா?"

"தப்பில்லப்பா. அவரு வேற, இவரு வேற."

"படிக்கிறவங்க அண்ணன் தங்கச்சின்னு நெனைச்சுக்குவாங்களே சார்."

அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா போனை வாங்கி, "எழுதிக்கப்பா. பொண்ணு பக்கம் பேருக்கு முன்னாடி மேட்டு வீட்டார்னு போடு. பையன் பக்கம் அம்பத்தூரார்னு போடு. எழுத்துக் கொஞ்சம் பெருசா இருக்கட்டும்" என்றார்.