வாசலில் தொங்கிய படிகாரம்

"உங்ககிட்ட பர்சனலா ஒரு விஷயம் பேசணும்" என்று டீம் லீட் என்னைச் சின்ன மீட்டிங் ரூமுக்குள் கூப்பிட்டபோது, வேலை போகப்போகிறது என்றுதான் நினைத்தேன். வேலை போயிருந்தால்கூட அவ்வளவு கூசியிருக்காது.

"பஸ்ல வர்றவங்க கொஞ்சம் ஃபீல் பண்றாங்க. ஸ்மெல் வருதாம். டியோடரன்ட் ஏதாவது யூஸ் பண்ணுங்களேன்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் மார்க்கர் பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

நான் இரண்டு வேளை குளிக்கிறவள். அதைச் சொல்ல வாயெடுத்தால் அழுகைதான் முதலில் வரும் என்று பட்டது. "ஓகே" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அந்த ஓகேயை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, மே மாதம். எங்கள் வீடு மாடம்பாக்கத்தில், ஆபீஸ் சிறுசேரியில். கம்பெனி பஸ்ஸில் ஏசி கிடையாது. மேடவாக்கத்தில் தண்ணீர் லாரிகளுக்குப் பின்னால் அது அரைமணி நேரம் நிற்கும். அதில் வேர்க்காமல் வர நான் என்ன கடை வாசலில் நிற்கும் பொம்மையா? எல்லோருக்கும்தான் வேர்த்தது. மற்றவர்கள் ஸ்ப்ரே அடித்துக்கொண்டார்கள், நான் அடிக்கவில்லை. என் குற்றம் அவ்வளவுதான்.

அடிக்காததற்குக் காரணம் இருந்தது. சின்ன வயதிலிருந்தே எனக்கு வீசிங். ஊதுபத்தியே ஆகாது. இருந்தும் அன்று மாலையே ஒரு ஸ்ப்ரே வாங்கினேன். மறுநாள் காலை அதை அடித்த ஐந்தாவது நிமிஷம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இன்ஹேலரை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து வருவாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாதவள். வாய் ஓயாமல் பேசுவாள், என் தோளில் சாய்ந்து தூங்குவாள். அந்த வாரம் அவள் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். அங்கே ஆறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். என் பக்கத்து சீட்டில் என் டிபன் பை தனியாக உட்கார்ந்து வந்தது. புகார் சொன்னது யார் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தச் சீட்டில் மறுபடியும் ஒரு ஆள் வந்து உட்கார வேண்டும். எனக்கு அதைத் தவிர வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

தாம்பரம் மார்க்கெட்டில் நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர் எல்லாவற்றையும் கலந்து பொட்டலம் கட்டினார். "இத்த பூசிக்கினு குளிச்சா போதும்க்கா, சாயங்காலம் வரைக்கும் கமகமன்னு இருப்ப" என்றார். பத்து மணி வரைகூட இல்லை. எலுமிச்சம்பழம் தேய்த்தேன், எரிந்தது. ஆப்ப சோடா பூசினேன், அக்குள் புண்ணாகிக் கையைத் தூக்க முடியவில்லை. இயற்கை, இயற்கை என்று பத்திரிகையில் குறிப்பு எழுதுகிறவர்களை எல்லாம் வரிசையாக உட்காரவைத்து, அவர்கள் அக்குளிலேயே அதைப் பூசிவிட வேண்டும் என்று ஆத்திரமாக வந்தது.

இப்படி இரண்டு மாதம் போனபிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சலூனிலிருந்து வந்த என் கணவர், செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டே சொன்னார்: "சலூன்காரரு ஷேவ் பண்ணிட்டு படிகாரம் தேய்ச்சாரு. கக்கத்துக்கும் அதான் தேய்ப்பாராம், நாத்தமே இருக்காதாம்."

"இதை இப்பதான் சொல்றீங்களா?"

"இப்பதானே எனக்கே தெரியும்" என்று தாளைத் திருப்பினார்.

கடைக்குப் போகிற பொறுமை எனக்கு இல்லை. எங்கள் நிலைவாசலில், கண் திருஷ்டிக்காக மாமியார் கறுப்புக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட படிகாரம் இருந்தது, தேங்காய் மூடி அளவுக்கு. ஸ்டூல் போட்டு ஏறி, பாக்குவெட்டியின் பின்பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டினேன். கையளவு துண்டு விழுந்தது. மறுநாள் குளித்ததும் அதைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துக்கொண்டேன். வேர்வை வழக்கம்போல வந்தது, குர்தா நனைந்தது. மத்தியானம் ஆபீஸ் பாத்ரூமில் கதவைத் தாழிட்டுக்கொண்டு என்னை நானே முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. அங்கேயே நின்று அழுதேன்.

அந்த வெள்ளிக்கிழமை வாசலுக்குச் சாம்பிராணி காட்டிய மாமியார், கல் குறைந்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"எவன் எவன் கண்ணெல்லாமோ இழுத்து வச்சிருக்கற கல்லு! அதைப் போய் ஒடம்புல தேய்ச்சியாடி?"

"ரெண்டு மாசமா பஸ்ஸே என்னை ஒரு மாதிரி பார்க்குது அத்தை. அந்தக் கண்ணுக்கும் சேர்த்துதான் தேய்ச்சேன்."

அவருக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. என்னைத் தலைக்குத் தண்ணீர் ஊற்றவைத்து, உப்பு மிளகாய் சுற்றிப் போட்ட பிறகுதான் வீட்டுக்குள் நடமாட விட்டார். மறுநாள் கடையில் எனக்கென்று தனியாக ஒரு படிகாரம் வாங்கிக் கொடுத்தார்.

நாற்றம் போயிற்று. சீட்டு மட்டும் காலியாகவே இருந்தது. ஒருமுறை மூக்கைப் பிடித்தவர்கள் மறுமுறை முகர்ந்து பார்ப்பதில்லை. என் குர்தாவின் ஈரத்தைப் பார்த்தே ஒதுங்கினார்கள்.

பிறகு ஐப்பசி மழையில் ஒரு நாள், இன்னொரு பஸ் பழுதாகி அந்த ஆட்களும் எங்கள் பஸ்ஸில் ஏறினார்கள். கடைசி வரிசை நிறைந்துவிட்டது. அந்தப் பெண் வேறு வழியில்லாமல் என் பக்கத்தில் வந்து விளிம்பில் உட்கார்ந்தாள். மழைக்காக ஜன்னல்களை எல்லாம் அடைத்திருந்தார்கள். மேடவாக்கம் தாண்டியதும் கைப்பையிலிருந்து ஸ்ப்ரேயை எடுத்துக் கழுத்துக்கும் கைக்கும் அடித்துக்கொண்டாள். எனக்கு நெஞ்சு அடைத்தது. இரைக்க ஆரம்பித்தது.

"அதை உள்ளே வை" என்றேன். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன்க்கா, நல்ல வாசனைதானே?"

"உன் வாசனையில எனக்கு மூச்சு நிக்குது." ஜன்னலைத் திறந்து, மழை முகத்தில் அடிக்க, இன்ஹேலரை இரண்டு முறை உறிஞ்சினேன். என் மடியெல்லாம் நனைந்தது, அவள் மடியும் நனைந்தது.

அவள் பயந்துபோய் ஸ்ப்ரேயை மூடினாள். "இவ்ளோ கஷ்டம்னா என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள்.

"நீயும்தான் சொல்லியிருக்கலாம்" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சோழிங்கநல்லூரில் எங்கள் கம்பெனியின் இன்னொரு ஆபீஸ் வாசலில் பாதி பேர் இறங்கி, பின்னால் நாலைந்து சீட்டுகள் காலியாயின. அவள் எழுந்து போகவில்லை.