ஒன்பதாம் வளைவில் கை படாத மைக்

வண்டிகளில் ரேடியோவும் வயர்லெஸும் மாட்டுகிறவனுக்கு உலகம் தலைகீழாகத்தான் தெரியும். டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்துதான் அவன் அதைப் பார்க்கிறான். உருகிய ஈயம் கன்னத்தில் சொட்டிய பிறகும், "எப்பங்க முடியும்?" என்று கேட்டவருக்குச் சிரித்த முகத்தோடு பதில் சொன்ன சகோதரர்கள் எங்கே இருந்தாலும், இது உங்களுக்காக. எழுபதுகளில் நான் கொல்லங்கோட்டில் ஒரு கடையில் இருந்தேன். பேய் என்ற சொல்லை இதற்குப் பிறகு எழுதப்போவதில்லை. மீட்டர் வைத்து அளக்க முடியாத எதற்கும் பெயர் வைப்பதில்லை என்பது என் கொள்கை.

பூட்டிய கொட்டகை

எருத்தேன்பதிக் கவுண்டர் ஒருவரின் அம்பாசிடருக்கு ரேடியோ மாட்டிக் கொடுத்தேன். மூன்றாம் நாள், பூட்டியிருந்த கார் கொட்டகைக்குள் ஓர் ஆண்குரல் கேட்டிருக்கிறது. அன்று இரவு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

போய்ப் பார்த்தேன். தவறு என்னுடையது. வண்டிச் சாவி வழியாக வரவேண்டிய கம்பியை நேராக பாட்டரியில் கொடுத்திருந்தேன். மத்தியான நிகழ்ச்சி முடிந்து வானொலி நிலையம் ஓய்ந்திருந்த நேரத்தில் அவர் வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்துக்கொண்டார். ரேடியோ அணைந்துவிட்டது என்று நினைப்பு. சாயங்காலம் நிலையம் விழித்தது, கொட்டகைக்குள் விவசாய நிகழ்ச்சி தொடங்கியது. தவறு என்னுடையது என்று தெரிந்தபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதைச் சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும். ஆனால் மறுநாள் காலை, நான் போய்ப் பார்ப்பதற்கு முன், கடை வாசலில் நின்று கவுண்டர் சொன்னது இது: "ஏனுங்க, சாவி என்ற மடியில இருக்குது. கொட்டாய்க்குள்ள கடலைக்கு மருந்தடிக்கச் சொல்றது ஆருன்னு நீங்களே போய்க் கேட்டுப்போட்டு வாங்க."

பெட்டிக்குள் ஈரம்

இடுக்கி மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டிலிருந்து கடைக்குக் கடிதம் வந்தது. ஜீப் ஓட்டுகிறவனின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க, அவன் வயர்லெஸில் பேசவேண்டும். பொருத்தமான கருவியைத் தேர்ந்தெடுத்து மாட்டித் தரவும். முதலாளி என்னை அனுப்பினார். உடுமலை வழியாக மூன்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன்.

எஸ்டேட்டிலிருந்து கீழே இறங்கும் பாதையில் பதினான்கு கொண்டையூசி வளைவுகள். ஒரு வண்டிக்குத்தான் இடம். அதனால் ஜீப் டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் எண்ணைச் சொல்ல, அதற்கேற்ப ஆபீஸ், கொழுந்து ஏற்ற வரும் லாரியை டெலிபோனில் சொல்லிக் கீழ்க்கேட்டில் நிறுத்திவைக்கும். நாலு மாதம் முன்பு சுடலைமுத்து என்ற டிரைவர் ஒன்பதாம் வளைவில் ஒரு கையால் மைக்கை எடுத்தார். இன்னொரு கை போதவில்லை. ஜீப்பைப் பள்ளத்திலிருந்து மேலே ஏற்றிச் சரிசெய்தார்கள். வயர்லெஸ் பெட்டிக்குக் கீறல்கூட இல்லை. சுடலைமுத்துவை மட்டும் சரிசெய்ய முடியவில்லை.

இப்போது ஓட்டுகிறவன் வேலையா, சுடலைமுத்துவின் மனைவிக்குத் தம்பி. அந்த மைக்கைத் தொட மறுக்கிறான். மாதம் முடிவதற்குள் எண் சொல்லப் பழகாவிட்டால் வேலை போகும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். அந்த வீட்டில்தான் அக்காவும் இரண்டு பிள்ளைகளும். மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது. ஏன் தொடமாட்டேன் என்கிறாய் என்று கேட்டேன். மைக் ஈரமாக இருக்கிறது என்றான். மைக்கைக் கழற்றிப் பூட்டி வைத்திருந்த மரப்பெட்டியைத் திறந்துவிட்டான், நான் தொட்டேன். ஈரம்தான். மூடுபனி என்று விளக்கினேன், காற்றின் ஈரப்பதம், உலோகத்தின் குளிர்ச்சி எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "சரிண்ணே. அப்ப பெட்டிக்குள்ள இருக்க துணி மட்டும் ஏன் காய்ஞ்சு கிடக்கு?"

கழுத்தில் கட்டுவது

என் முதல் தேர்வு, பட்டாளத்துப் பழைய சாமான்களோடு கோயம்புத்தூரில் கிடைத்த கழுத்து மைக். குரல்வளையின் இரண்டு பக்கமும் இரண்டு பொத்தான்கள் அழுந்தும்படி பட்டையால் கட்டவேண்டும். தொண்டையின் அதிர்வை அது நேரடியாக எடுத்துக்கொள்ளும். அழகான தத்துவம். வேலையா அதைக் கட்டிக்கொண்டு புறப்பட்டான். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆபீசில் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை.

அரை மணி கழித்து ஜீப் திரும்பி வந்தது. பட்டை பின் சீட்டில் கிடந்தது. பக்கிள் அறுந்திருந்தது. என்ன ஆயிற்று என்றேன். வேலையா கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னான்: "யாரோ ரெண்டு விரல் வச்ச மாதிரி இருந்துச்சுண்ணே. அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். மூணாம் வளைவுல அந்த விரலு ரெண்டும் இடம் மாறி உக்காந்துச்சு."

சத்தத்துக்குத் திறக்கும் சுவிட்ச்

அடுத்தது என் சொந்தத் தயாரிப்பு. மைக்கைக் கண்ணாடிக்கு மேலே தொங்கவிட்டு, பேச்சுக்குரல் பட்டால் தானே திறந்து, குரல் நின்றால் தானே மூடிக்கொள்ளும் ஒரு ரிலேயை வைத்தேன். இரண்டு நாள் வேலை. எஞ்சின் சத்தத்துக்குத் திறக்காமல் இருக்க அளவை மேலே ஏற்றி வைத்தேன். ஆனால் மேடு ஏறும்போது எஞ்சின் உறுமினால் அது திறந்துகொண்டது.

ஆபீசில் வயர்லெஸைக் கவனித்தவர் பொன்னையா என்ற கிளார்க். அந்த வாரம்தான் வேறு எஸ்டேட்டிலிருந்து மாற்றலாகி வந்தவர், ஊர்க்கதை எதுவும் தெரியாது. வேலையா தனியாகப் போய்த் தனியாக வந்தான். புறப்படும்போதும் திரும்பி வந்து இறங்கும்போதும் நான் பார்த்தேன். எப்படிக் கேட்டது என்று பொன்னையாவிடம் விசாரித்தேன். நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "வேலையா பேசுனது தெளிவா இருந்துது சார். பக்கத்து சீட்டுல இருந்தவரைத்தான் கொஞ்சம் சத்தமாப் பேசச் சொல்லணும்."

காலடியில் ஒரு பொத்தான்

மாதத்தின் கடைசி நாள். எஞ்சினுக்கும் திறக்கும் ரிலேயைக் கழற்றிவிட்டேன்; மிஞ்சியிருந்த ஒரே வழி கால் சுவிட்ச். ஜீப்பில் முகப்பு விளக்கின் வெளிச்சத்தைத் தாழ்த்த இடது காலடியில் ஒரு பொத்தான் இருக்குமே, அதேபோல் புதிது ஒன்றை அதன் பக்கத்தில் மாட்டி மைக்கோடு இணைத்தேன். இந்த மாதிரி வயர்லெஸில் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும்: சுவிட்ச் அமுங்கியிருக்கும்வரை நாம் பேசுவது போகும், எதிராளி பேசுவது வராது. விட்டால்தான் காது திறக்கும்.

என் தவறு இங்கே. விளக்குப் பொத்தான் ஒருமுறை அமுக்கினால் அமுங்கியபடியே நிற்கும், மறுமுறை அமுக்கினால்தான் விடும். முதல் வளைவில் எண் சொல்ல அமுக்கிய வேலையா, கிளட்சுக்குக் காலை மாற்றியதும் மறுமுறை அமுக்க மறந்துவிட்டான். மேனேஜரும் பொன்னையாவும் நானும் ஆபீசில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டோம். வைப்பர், கியர், நடுவே அவன் குரல். "மச்சான், ஏழு வந்துட்டு. உன் புள்ளைக பள்ளிக்கூடம் போவுதுக. வீட்டை நான் விடமாட்டேன், நீ வழிய விடு." மேனேஜர் பேனாவை மூடிவைத்தார்.

எட்டு என்றபோது ஆபீஸ் டெலிபோன் அடித்தது. கீழ்க்கேட்டிலிருந்து. நம்முடையதல்லாத ஒரு மரலாரி, நிற்காமல் மூடுபனிக்குள் ஏறிப் போய்ப் பத்து நிமிஷம் ஆயிற்றாம். ஜீப்பிலிருந்து ஓயாமல் சத்தம் வந்துகொண்டிருந்தது. பொன்னையா மைக்கைப் பிடித்து, "வேலையா, வண்டியை நிறுத்து" என்று கத்தினார். அது அவனுக்குக் கேட்காது என்று எனக்குத் தெரியும். அந்த அறையில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

பிரேக் சத்தம் கேட்டது. எஞ்சின் நின்றது. வைப்பர் மட்டும் ஓடியது. பிறகு லாரி, காதுக்குள் புகுந்து போவதுபோல் கடந்தது. வெகுநேரம் கழித்து வேலையாவின் குரல்: "ஒம்பது."

திரும்பி வந்தவன் நேரே பொன்னையாவிடம் போனான். "'நில்லு மாப்ள, ஒதுங்கு'ன்னு நல்ல சமயத்துல சொன்னீய. அதான் ஒதுங்கினேன்" என்றான். பொன்னையா, "நான் மாப்ளன்னு சொல்லலையே" என்றார். மேனேஜர் யாரையும் பார்க்காமல், வீடு உன்னுடையதுதான், போ, என்றார்.

இருட்டும்வரை அந்த ஜீப்புக்கு அடியில் கிடந்தேன். கவுண்டரின் கொட்டகையில் கிடைத்த தவறுபோல் ஒன்று கிடைக்காதா என்று ஒவ்வொரு கம்பியாகத் தடவினேன். சாவியை எடுத்தும் போட்டும், பத்து முறை ஆபீசிலிருந்து பேசச் சொல்லியும் பார்த்தேன். சுவிட்ச் அமுங்கியிருந்தால் ஒரு சொல்கூட வரவில்லை. கடைசியில், காலை எடுத்தால் தானே விட்டுவிடும் ஸ்பிரிங் பொத்தான் ஒன்றை எடுத்துக்கொண்டு, இதை மாற்றிவிடுகிறேன் என்றேன். வேலையா என் கையைப் பிடித்துத் தடுத்தான்: "அமுங்குனபடியே இருக்கட்டும்ணே. அப்படி இருந்தா ஆபீஸ் சத்தம்தான் வராது, மத்தது தெளிவாக் கேக்கு."

கை படாமல் பேசும் கருவியைத் தேடிப் போனவன், ஆளே இல்லாமல் பேசும் கருவி ஒன்றைப் பொருத்திவிட்டு வந்தேன்; என் தொழிலில் இன்றுவரை பழுது என்று திரும்பி வராத வேலை அது ஒன்றுதான்.