சீகிரியா வழியும் இறங்காத பாலும்

சீகிரியா போகிறவர்கள் என்னிடம் வழி கேட்கிறார்கள். நான் போனது ஒரே தடவை, அறுபதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதம். மலை பார்க்க அல்ல. அங்கே ரெஸ்ட்ஹவுஸில் சமையல் வேலை பார்த்த என் அண்ணன் சாகக் கிடந்தான். "கடைசிப் பாலை என் தங்கச்சிதான் ஊத்தணும்" என்று ஆள் அனுப்பியிருந்தான்.

மாத்தளையில் முதல் பஸ். தம்புள்ளை தாண்டி இனாமலுவச் சந்தியில் இறங்கினால் இன்னும் ஆறு மைல். அங்கே ஒரு வேன்காரர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டார். உள்ளே ஒரு ஜெர்மன்காரர், ஒரு ஜப்பான்காரர். இருவரும் தத்துவம் படிப்பிக்கிறவர்களாம். ஓயாமல் வாதாடினார்கள்.

"என்னத்துக்கு சண்டை?" என்று டிரைவரைக் கேட்டேன். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசினார்; ஐயாவுக்கு மட்டும் 'மாத்தயா' என்பார்.

"உசிருன்னா என்னான்னுதான் அக்கா. வெள்ளைக்கார மாத்தயா சொல்றாரு, அது ஒவ்வொரு உடம்புக்குள்ளயும் இருந்து முட்டித் தள்ளுற வேகமாம். ஜப்பான் மாத்தயா சொல்றாரு, தனியா உள்ளுக்குள்ள இல்லியாம், ஆளுக்கும் ஆளுக்கும் நடுவுல இருக்காம். சாவும் அதுக்குள்ளயே இருக்காம்."

"எங்க இருந்தாலும் சரி, நான் போற வரைக்கும் இருக்கச் சொல்லுங்க."

டிரைவர் சிரித்தார். அதை அவர்களுக்குச் சொல்லவில்லை. குளக்கட்டில் தாமரையைப் படம் பிடிக்க வேனை நிறுத்தினார்கள். அரை மணி நேரம். அந்த அரை மணியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது அண்ணனின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். தாடையைச் சுற்றித் துணி.

"இப்பதான் போனாரு," என்றாள் அண்ணி. "பால் ஊத்துனேன், இறங்கல."

எங்கள் ஆட்களுக்கு அதுவே முடிவு. பால் வழிந்துவிட்டால் உயிர் போய்விட்டது. யாரும் மூக்கடியில் கை வைக்கவில்லை.

குனிந்து பார்த்தேன். மூக்கோரப் பாலில் ஒரு சின்னக் குமிழ் வந்து உடைந்தது. பிறகு இன்னொன்று.

"அடிப்பாவி, மூச்சு இருக்குடி!"

"நாலு பேரு பாத்துட்டுத்தானே சொன்னாங்க!"

துணியை அவிழ்த்து, "அண்ணே, நான் வந்துட்டேன்" என்று கத்தினேன். கண் திறந்தது. என் கையால் விட்ட சொட்டுப் பால் இறங்கியது. பொழுது சாயும்வரை இருந்தான்.

வேனில் வந்த அந்த இரண்டு பேரும் சொன்னது சரிதான் போல. உள்ளே அது முட்டிக்கொண்டுதான் கிடந்தது. சுற்றி இருந்தவர்கள்தான் கைவிட்டுவிட்டார்கள்.

போகிறவர்களுக்கு: முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். இனாமலுவயில் இப்போது திரீவீலர் கிடைக்கிறது. வெயிலுக்கு முன் மலை ஏறுங்கள். சாகக் கிடப்பவரைப் பார்க்கப் போனால் வழியில் எதற்கும் நிறுத்த விடாதீர்கள்.

அண்ணியின் சாவுக்கும் போனேன், பல வருடம் பேசாமல் இருந்துவிட்டு. மூக்கடியில் கை வைத்துப் பார்த்த பிறகுதான் அவள் விரலைக் கட்ட விட்டேன். பால் மட்டும் நான் ஊற்றவில்லை.