நோர்மா தேய்த்த விளக்கு

முரானோத் தீவில் கண்ணாடி தேய்க்கிறவர்களில் நோர்மாவைப் போல் ஒரு பிடிவாதக்காரி கிடையாது. அந்தப் பிடிவாதம் ஒரே ஒரு நாள் தளர்ந்தது. அன்றோடு அவள் வலது கை போயிற்று.

மிலானிலிருந்து ஒருவர் வரைந்து அனுப்பிய மேஜை விளக்கு அது. காளான் மாதிரி. குடையும் தண்டும் பாதமும் ஒட்டில்லாமல் ஒரே ஊதலில் வர வேண்டும், பால் நிறத்தில் சுழிசுழியாய்க் கோடு ஓட வேண்டும். மற்ற உலைக்காரர்கள் கைவிரித்ததை நோர்மாவின் கணவன் எஜீதியோ ஊதிவிட்டான். சும்மா சொல்லக்கூடாது, அவன் மூச்சு அப்படி.

ஊதின கண்ணாடி ஆறும் அடுப்புக்குள் கிடந்து மெல்ல மெல்லச் சூடு இறங்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் வெளியே அழகாயிருக்கும், உள்ளே வலியை வைத்துக்கொண்டிருக்கும். அந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் இது தெரியும். ஆனால் கண்காட்சிக்குப் போகும் படகு துறையில் நின்றது. விளக்கு ஏறாவிட்டால் தலைமை ஊதுகாரன் இடம் பக்கத்து உலையில் ஊதும் வான்னிக்கு என்று முதலாளி சொல்லிவிட்டார். எஜீதியோ அடுப்பை முன்னதாகவே திறந்து, விளக்கை எடுத்துவந்து அவளிடம் நீட்டினான். பாதத்தைத் தண்ணீர் சொட்டும் சாணைச் சக்கரத்தில் தேய்த்துச் சமமாக்க வேண்டியதுதான் பாக்கி.

அவள் தொட்டுப் பார்த்தாள்.

“இன்னும் சுடுது. ஈரச் சக்கரத்துல வச்சா வெடிச்சிரும். நாளைக்குத் தேய்க்கிறேன்.”

“விளக்கு சுடல, உன் கைதான் சூடு.”

“இந்தக் கதைய உங்கம்மாகிட்ட போய்ச் சொல்லு.”

பக்கத்து உலையிலிருந்து வான்னி சிரித்தான். “என்ன எஜீதியோ, நெருப்பு உன் பேச்சைக் கேக்குது, பொண்டாட்டி கேக்க மாட்டேங்கிறாளே?”

எஜீதியோவின் முகம் செத்துப்போனது. “நோர்மா,” என்றான் மெதுவாக, “இவன் முன்னாடி வேணாம்.”

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் விளக்கைச் சக்கரத்தில் வைத்தாள். தண்ணீர் பட்டதும் அது வெடித்து, அவள் வலது மணிக்கட்டு நரம்பை அறுத்தது.

படகு விளக்கில்லாமல் போயிற்று. வான்னி தலைமைக்கு வந்தான். பிறகு ஒழுங்காய் ஆறின விளக்கொன்று மிலானில் பேர் வாங்கியது. அதையும் ஊதியவன் எஜீதியோதான், வான்னிக்குக் கீழே நின்று.

மன்னிப்பு அவன் கேட்கவில்லை. சோளக்களியைப் பலகையில் கொட்டி நூலால் அறுப்பது அந்த வீடுகளில் பெண்கள் வேலை. நூலைப் பிடிக்க நோர்மாவுக்கு விரல் மடங்காது, அவன்தான் அறுத்தான். ஆவி பறக்கும் களிமேல் அவன் நூலை நீட்டும்போதெல்லாம், சாகும்வரை, அவள் சொன்னது ஒன்றுதான்.

“பொறு. ஆறட்டும்.”

நூலைப் பிடித்தபடி அவன் நிற்பான். அவள் தலையாட்டின பிறகுதான் சாப்பாடு. அந்த வீட்டில் ஒருவரும் சூடாகக் களி தின்றதில்லை.