அறுநூற்றுப் பத்து கிராம்

தபால் நிலையத்தின் பார்சல் கவுண்டரில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவளுக்குக் கையே தராசாகிவிட்டது. பொட்டலத்தை வாங்கி ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு எடையைச் சொல்வாள். அப்புறம் மெஷினில் வைத்துப் பார்த்தால் பத்து கிராம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். கூட வேலை செய்கிறவர்கள் விளையாட்டாக ‘தராசக்கா’ என்று கூப்பிடப்போய், கடைசியில் மேலதிகாரி வாயிலும் அந்தப் பெயரே வந்தது.

ஏரிக்கரையில் தொடங்கி, காடும் மலையும் தாண்டி, கடலில் போய் முடியும் நடைபாதை ஒன்று அந்த ஊர் வழியாகப் போகிறது. மொத்தம் நானூற்று எண்பது கிலோமீட்டர். ஏரியிலிருந்து புறப்பட்டவர்கள் மூன்றாம் நாள் அந்த ஊருக்கு வந்து சேர்வார்கள். வந்ததும் அவர்கள் முதலில் தேடுவது தபால் நிலையத்தைத்தான். ஆசை ஆசையாகக் கட்டிக்கொண்டு வந்ததில் பாதியை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டால்தான் அவர்களால் மேலே நடக்க முடியும். இரும்பு வாணலி, தலையணை, மூன்று கிலோ புத்தகம், இரண்டாவது ஜோடி பூட்ஸ். ஒரு ஆள் மடக்கு நாற்காலியே கொண்டு வந்திருந்தார். இதை எதற்குத் தூக்கி வந்தேன் என்றே தெரியவில்லை என்பதுதான் எல்லார் வாயிலும் ஒரே பாட்டு. அடுத்தவர்கள் கழித்துக் கட்டியதை எடைபோட்டுப் போட்டே, ஒரு மனுஷர் நடப்பதற்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பது அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது.

ஆனால் அவள் நடந்ததில்லை. அம்மா போன பிறகு அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி வேண்டியிருந்தது. தங்கை கல்யாணமாகி நாலு தெரு தள்ளிப் போய்விட்டாள். இரண்டாவது மாடியில் இரண்டு அறை வீடு. அதில் அவளும், பஸ் பணிமனையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற அப்பாவும் மட்டும். அப்பாவுக்குக் கைத்தடி உண்டு, ரோஷமும் உண்டு. தடியில்லாமல்கூட நாலடி நடப்பார், ரோஷமில்லாமல் ஓரடி வைக்க மாட்டார்.

ஐம்பத்தொன்றாவது வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நடக்கப் போவதாக அவள் வாய்விட்டுச் சொன்னாள். யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தாள். தங்கை சிரிக்கவில்லை. “நானும் வரேன்க்கா” என்றாள். அந்த ஒரு வார்த்தையை அவள் எத்தனை வருடமாக எதிர்பார்த்திருந்தாள் என்பது சொன்னவளுக்கே தெரிந்திருக்காது. அவர்கள் நடக்கும் ஒரு மாதமும் அப்பா தங்கை வீட்டில், மாப்பிள்ளையோடு இருப்பது என்று ஏற்பாடாயிற்று. “போயிட்டு வாங்க. நான் என்ன சின்னக் குழந்தையா?” என்றார் அப்பா.

இரண்டு வருடம் இதுவே பேச்சு. சாப்பாட்டு மேசையில் பழைய சமையலறைத் தராசை வைத்துக்கொண்டு அக்காவும் தங்கையும் ஒவ்வொன்றாக நிறுத்தார்கள். பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக ஒடித்தார்கள். சட்டைக் காலர்களில் இருந்த துணிச்சீட்டைக் கத்தரித்தார்கள். கனமான பூட்ஸுக்குப் பதில் ஓட்டக்காரர்களின் ஷூ. தண்ணீருக்குக் கனமான பாட்டில் எதுவும் வேண்டாம், கடையில் கிடைக்கும் சாதா பிளாஸ்டிக் பாட்டில் போதும். போட்டுக்கொள்ள ஒன்று, துவைத்துக் காயப்போட ஒன்று, மூன்றாவது உடுப்புக்கு இடமே கிடையாது. “அடுத்து பல்லையும் புடுங்கி வெச்சிட்டுப் போவீங்களா?” என்று மாப்பிள்ளை கேட்டார். அதைக் கேட்டு அன்றைக்கு எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

எடை நிஜமாகக் குறைந்தது கூடாரத்தில்தான். ஆளுக்கொன்று தூக்காமல் இருவருக்கும் சேர்த்து ஒன்று என்று முடிவானது. வலைத்துணியால் ஆன உள்கூடும், கம்பமாக நிறுத்த வேண்டிய இரண்டு ஊன்றுகோலும் அக்காவுக்கு. மழைக்கு மேலே போடும் விரிப்பும், மண்ணில் அடிக்கும் முளைகளும் தங்கைக்கு. விரிப்பு மட்டும் தன் நீலப் பையில் அறுநூற்றுப் பத்து கிராம். ஒருத்தி இல்லாமல் இன்னொருத்திக்குக் கூரை இல்லை. அது ஒரு குறையாக அவளுக்குத் தோன்றவில்லை. சொல்லப்போனால், பட்டியலிலேயே அவளுக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

புறப்படும் நாள் காலையில் வழக்கம்போல ஒவ்வொரு பையையும் கையில் தூக்கிப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன.

முதல் மூன்று நாளும் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. உள்கூட்டை மட்டும் கட்டிக்கொண்டு, வலை வழியாக மரக்கிளைகளைப் பார்த்தபடி தூங்கினார்கள். மூன்றாம் நாள் சொந்த ஊருக்குள் நடந்து வந்தபோது, அவள் தபால் நிலையத்தில் தலையைக் காட்டினாள். கவுண்டரில் அவள் இடத்தில் இருந்த பெண், “என்ன தராசக்கா, எதைத் திருப்பி அனுப்பணும்?” என்று கேட்டாள். அனுப்ப ஒன்றுமில்லை என்று சொல்லும்போது அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. வீட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போகலாமே என்று தங்கை இழுத்தாள். வீட்டுக்குப் போனால் கால் மறுபடி எழும்பாது என்று சொல்லி, அக்காதான் ஊர் எல்லையைத் தாண்டிக் கூட்டிப்போனாள்.

நாலாம் நாள் மத்தியானம் காட்டுக்குள் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மேட்டில் அவசர அவசரமாக உள்கூட்டைக் கட்டிவிட்டு விரிப்புக்குக் கையை நீட்டினாள். தங்கை நீலப் பையைக் கொடுத்தாள். கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவிழ்த்தால், உள்ளே இருந்தது தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையின் பழைய பூப்போட்ட துணி. கூடவே ஒரு முகம் துடைக்கும் துண்டு, பாதியாக வெட்டியது.

அவசரத்தில் மாற்றி எடுத்து வந்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தாள். நினைத்துக்கொண்டே பையைக் கையில் தூக்கிப் பார்த்தாள். அறுநூற்றுப் பத்து. மேசைத்துணி மட்டும் என்றால் எடை குறைந்திருக்கும். துண்டு முழுசாக இருந்தால் கூடியிருக்கும். தராசில் வைத்து, கூட்டிக் குறைத்து, அக்காவின் கைக்குச் சந்தேகம் வராதபடி யாரோ பொறுமையாக வெட்டியிருக்கிறார்கள். மறதி இவ்வளவு கணக்காக வேலை செய்யாது.

“நீயா வெச்ச?” என்று கேட்டாள்.

தங்கை மழையிலேயே நின்றாள். “நாலு நாள் நடந்தா உனக்கே போதும்னு தோணிடும்னு நெனச்சோம். மழை வந்தா திரும்பிடலாம்னு.”

“நெனச்சோம்னா?”

“மழை பிடிச்சதும் அவரு காடு முடியற ரோட்டுல கார் கொண்டுவரேன்னு சொல்லியிருக்காரு.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“அப்பாதான்க்கா சொன்னாரு. மாப்பிள்ளை வீட்டுல ஒரு மாசம் உக்காந்து சாப்பிட என்னால ஆகாது, எப்படியாவது கூட்டிட்டு வந்துடுன்னாரு. உன் மூஞ்சியப் பார்த்து வேணாம்னு சொல்ல யாருக்கும் மனசு வரல.”

இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் அவள் மனதில் ஒவ்வொன்றாக வந்து நின்றன. எந்த வாரம் முடிவு செய்தார்கள்? பிரஷ் ஒடித்தபோதா, அதற்கு முன்பா? தங்கை மேசையில் தராசைப் பிடித்துக்கொண்டு சிரித்தது எந்தச் சிரிப்பு? காதும் காதும் வைத்த மாதிரி மூன்று பேர் பேசிவைத்திருக்கிறார்கள். நாலாவது ஆளான அவளுக்கு மட்டும்தான் தெரியவில்லை. வேண்டாம் என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள், அழுதிருப்பாள், ஒருவேளை போகாமலும் இருந்திருப்பாள். இப்படி நம்பவைத்துக் கழுத்தறுத்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

நனைந்த கூட்டைச் சுருட்டிக்கொண்டு இருவரும் ஒன்றரை மணி நேரம் நடந்து ரோட்டுக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் கார் நின்றது. சீட்டு நனையாமலிருக்க அவர் முன்கூட்டியே பழைய போர்வை விரித்து வைத்திருந்தார். அதைப் பார்த்ததும், மழை வருவதற்கு முன்பே இவர்கள் அதற்குத் தயாராகத்தான் இருந்தார்கள் என்று அவளுக்குப் புரிந்தது.

அதற்குள் தங்கை வீட்டிலிருந்து தன் வீட்டுக்கே திரும்பிவிட்டிருந்த அப்பா, செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், “நல்ல மழையோ?” என்றார்.

“ஆமாம்ப்பா” என்றாள். அவள் வேறொன்றும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, இருவருமே அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள்.

மறுநாள் காலையில் தங்கை வீட்டுக்கு அவள் போகவில்லை, அந்த விரிப்பையும் கேட்டு வாங்கவில்லை. நேரே ஹார்டுவேர் கடைக்குப் போய், கட்டிட வேலைக்காரர்கள் மணல் மூட்டைமேல் போடும் பிளாஸ்டிக் தாளில் ஒரு துண்டு வெட்டி வாங்கினாள். கையில் தூக்கியதும் தெரிந்தது, தொள்ளாயிரத்துச் சொச்சம். அந்த எடைக்கு ஈடாக அடுப்பையும் பாத்திரத்தையும் எடுத்து வெளியே வைத்தாள். சூடான தேநீர் இல்லாமல் கடல்வரை போக முடியுமா என்று ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு பையின் வாயைக் கட்டினாள்.

அப்பாவிடம் போய் நின்றாள். “இன்னும் இருபத்தஞ்சு நாள் ஆகும்பா. இங்க இருக்கீங்களா, அங்க போறீங்களான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க. நான் கெளம்பறேன்.”

அவள் படியிறங்கிவிட்டாள்.

அவள் கடல்வரை போய்ச் சேர்ந்தாள். அதற்கு இருபத்தேழு நாள் ஆயிற்று. பிளாஸ்டிக் தாள் காற்றில் படபடவென்று அடித்துத் தூங்கவிடவில்லை. பச்சைத் தண்ணீரில் ஊறவைத்த அவலைத் தின்று தின்று நாக்கே மரத்துப்போயிற்று. வழியில் இரண்டு ஆசிரியைகள் எங்களோடு சேர்ந்து நடக்கலாமே என்று அன்பாகக் கூப்பிட்டார்கள். நல்லவர்கள்தான் என்று பார்த்தாலே தெரிந்தது. இருந்தும் ஏதோ சாக்குச் சொல்லிப் பின்தங்கிவிட்டாள். தினமும் காலையில் பையைத் திறந்து, ஒவ்வொரு பொருளையும் வெளியே எடுத்துக் கண்ணால் பார்த்த பிறகே கட்டினாள். கையால் தூக்கிப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

அப்பா அந்த நாட்களைச் சொந்த வீட்டிலேயே கழித்திருந்தார். தங்கை இரு வேளையும் வந்து போனாள். ஒரு குறையும் வரவில்லை. இவ்வளவு எளிதாக முடிகிற விஷயம் என்றால் பின்னே எதற்கு அந்த மேசைத்துணி என்று நினைத்தபோது, அவளுக்குப் பழைய வலி இரண்டு மடங்காகத் திரும்ப வந்தது.

வருகிறவர்களிடமெல்லாம் அப்பா இப்போது அந்தக் கதையைச் சொல்கிறார். நானூற்று எண்பது கிலோமீட்டர், தன்னந்தனியாக, ஆறரைக் கிலோ மூட்டையோடு என்று விரல் விட்டு எண்ணுகிறார். “நான்தான் தைரியம் சொல்லி அனுப்பி வெச்சேன்” என்று முடிக்கிறார். அவர் பொய் சொல்வதாகவும் தெரியவில்லை. அவரே அதை நம்பிவிட்டார். அந்தச் சமயத்தில் அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

தங்கை ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறாள். அப்பாவின் மாத்திரை, கண் பரிசோதனை, தண்ணீர்க் குழாய் என்று ஆக வேண்டியதை மட்டும் இருவரும் பேசிக்கொள்கிறார்கள். ஒருநாள் கிளம்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “எத்தனை நாளைக்குக்கா இப்படி?” என்று தங்கை கேட்டாள்.

பழிவாங்குகிறோமா என்று அவளும் தன்னையே கேட்டுப் பார்த்திருக்கிறாள். அப்படித் தோன்றவில்லை.

“தெரியலடி. நான் வேணும்னு பண்ணல” என்றாள். மாடிப்படி இருட்டாக இருந்தது. தங்கை கீழே இறங்கி முடிக்கும்வரை விளக்கைப் போட்டுவிட்டு நின்றாள்.