எதிர் வரம்பில் நின்று கற்ற வீச்சு

முந்தலுக்குப் பக்கத்து இறால் பண்ணையில் றிஸ்மினாவுக்குத் தீன் தூவும் வேலை. இறால் பிடித்து முடிந்ததும் தீன் தூவுகிறவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வாரா வாரம் வலை வீசி, இறாலை நிறுத்துப் பார்க்கும் வின்சன்ட்டுக்கு மட்டும் வருஷம் முழுக்க வேலை. அவர் அடுத்த மாதம் கடலுக்கே திரும்பப் போகிறார் என்று தெரிந்த அன்றே, அந்த இடம் தனக்குத்தான் என்று றிஸ்மினா முடிவு கட்டிவிட்டாள்.

சொல்லித் தரும்படி அவள் கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பார்கள் என்று தெரியாதா என்ன! தீன் வாளியுடன் குளத்தின் எதிர் வரம்பில் நின்று, அவர் வீசுவதை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். கயிறு எந்த மணிக்கட்டில், வலையின் ஓரம் எப்போது பல்லில், இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஒன்றையும் விடவில்லை. படுக்கைக்கு மேல் கட்டும் பழைய நுளம்பு வலையின் ஓரமெல்லாம் கல் கட்டி, வீட்டு முற்றத்தில் வீசிப் பழகினாள்.

"கோழி பிடிக்கப் போறியா?" என்று கணவன் ஃபைஸல் கேலி பண்ணினான். ஒரு நாள் வலை வட்டமாக விரிந்து அவன் தலையிலேயே விழுந்தது. அதற்குப் பிறகு கேலி இல்லை.

அந்த இடத்தைக் கேட்டவள், மனேஜர் றஸீன் முன்னால் வீசிக் காட்டும் நாள் வந்தது. அவள் வலையைக் கையில் எடுத்ததும் வின்சன்ட் குனிந்து பார்த்தார்.

"நீ இடக்கைக்காரியா பிள்ள?"

"இல்லயே."

"பின்ன ஏன் எல்லாத்தையும் மாத்திப் பிடிச்சிருக்கிறாய்?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எதிரே நின்று பார்த்தவள், கண்ணாடியில் பார்ப்பதுபோல் அவருடைய இடப்பக்கத்தைத் தன் வலப்பக்கமாக எடுத்திருக்கிறாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். றஸீன் சொன்னபடி கை மாற்றி வீசினாள். வலை சுருண்டு பொத்தென்று விழுந்தது.

"சரி, வெளிய ஒரு ஆள் பாப்பம்," என்றார் றஸீன்.

"நில்லுங்க சேர். இன்னொருக்கா. என்ட மாதிரிக்கு."

பழையபடி கயிற்றை வலக்கையில் கட்டினாள். அல்லாஹ்வின் பேரில் பிஸ்மி சொல்லி, இடுப்பைத் திருப்பி வீசினாள். வலை முழு வட்டமாக விரிந்து, ஈயக் குண்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொட்டன. இழுத்தபோது இறால் துள்ளியது. றஸீன் தராசைத் தானே எடுத்து வந்தார்.

அடுத்த மாதம் றிஸ்மினா வலை வீசும்போது, புதிதாகத் தீன் தூவ வந்த ஃபஹ்மியா எதிர் வரம்பில் வாளியை மறந்து நின்றாள்.

"எனக்கும் பழகணும். அங்கால வந்து ஒங்களுக்குப் பின்னால நிக்கட்டா?"

"வேணாம். அங்கயே நின்டு பாரு," என்றாள் றிஸ்மினா. "என்ட மாத்துப் பிடி ஒனக்கு நேராவே வரும்."